வெள்ளவத்தை, பதினொரு நிமிடம்

கட்டுபெத்தையில் செய்த பிரம்பு.
கைப்பிடிக்குள் ஒரு சின்ன வௌவால் இருக்கிறது,
இல்ஹாம் அப்படித்தான் விளங்கப்படுத்தினான்.
ஒலி அனுப்பும். மோதித் திரும்பும்.
திரும்பிய நேரத்தை உள்ளங்கையில் அதிர்வாக வைக்கும்,
தூரத்துக்கு மெல்ல, கிட்டத்துக்குக் கிர்ரென்று.

முதல் கிழமையே
காலி வீதி கை நிறைய வந்தது:
நடைபாதையில் ஏற்றிவிட்ட முச்சக்கரவண்டி,
கொத்துக்கடைக்காரன் வெளியே உருட்டி வைத்த காஸ் சிலிண்டர்,
லொத்தர் விற்கிறவரின் குடை.
அதிர்வு வருவதற்கு முன்பே அவர்
"மிஸ், இண்டைக்கு உங்கட நம்பர்" என்பார்.
மனிசருக்கு வேகம் கூட.

மூடி களவுபோன வடிகாணை மட்டும் அதற்குத் தெரியாது.
பள்ளத்திலிருந்து ஒன்றும் திரும்பி வராது,
ஆகவே பாதை நல்லது என்று கம்மென்றிருக்கும்.
நுனிதான், அந்தப் பழைய தட்டல்தான்
இரண்டு தரம் என் காலைக் காப்பாற்றியது.
சொன்னேன்.
இல்ஹாமின் விசைப்பலகை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது.

இரண்டாயிரத்து ஏழில்
ஹெவ்லொக் வீதிச் சோதனைச் சாவடியில்
ஒருவன் என் பிரம்பை வாங்கி
மூட்டு மூட்டாகத் திருகிப் பார்த்தான்.
மழை.
ஒரு கையில் அடையாள அட்டை,
மற்றக் கையை நீட்டியபடியே நின்றேன்.
எங்கே போகிறாய், எங்கிருந்து வருகிறாய், யாரோடு இருக்கிறாய்.
பிரம்புக்குள் அன்று ஒன்றும் இருக்கவில்லை.

இன்று இருக்கிறது.
எங்கே போகிறேன், எங்கிருந்து வருகிறேன் என்று
நிமிடத்துக்கு ஆறு தரம் எழுதுகிறது.
யாரும் மறிப்பதில்லை.
சம்மதக் கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டு
நானேதான் ஒப்பம் வைத்தேன்:
த. சுகிர்தமலர், தொலைபேசி இயக்குநர், கொள்ளுப்பிட்டி.

கண்காணிப்பு என்று இருந்தது கடிதத்தில்.
பொகவந்தலாவையில் எங்கள் லயத்தில்
கண்காணி என்றால் கொழுந்துக் கூடைக்கு மேலே ஓர் அதட்டல்.
கண்ணும் இருக்கிற, காணலும் இருக்கிற ஒரு சொல்லை
தேடிப்பிடித்து என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்களே!
சிரிப்பை விழுங்கிக்கொண்டேன்.

இன்று தரவு பார்க்கிற நாள்.
"மலர் மிஸ், போன வியாழன், பின்னேரம் அஞ்சு நாப்பத்திரண்டு.
வெள்ளவத்தை ஸ்டேஷனுக்குக் கிட்ட
பதினொரு நிமிஷம் ஒரே இடத்தில நிக்கிறீங்க.
சென்சருக்கு ஒண்டுமே வரல்ல. முழுக்கப் பூச்சியம்.
விழுந்திட்டீங்களா? பேட்டரியா?"

குரலில் பயம் இருந்தது. நல்ல பயம்.

என்ன சொல்ல.
பாணந்துறை ரயில் போன பிறகு
தண்டவாளம் கடந்து, கடைசிக் கல்லில் ஏறி
பிரம்பை நேரே நீட்டினேன்.
அதிர்வில்லை.
இடப்பக்கம் திருப்பினேன், ஒரு பாறை முனகியது.
மறுபடி நேரே. ஒன்றுமில்லை.
காலையிலிருந்து இந்த நகரம் இறுக்கிப் பிடித்திருந்த கையை
மெல்ல விட்டுவிட்டது.
வௌவால் போனது போனதுதான்.
உதட்டில் உப்பு. பின்னால் ஒரு சோடி
சிங்களத்தில் கடன்காசுக்குச் சண்டை பிடித்தது.
எனக்கு முன்னால் கொழும்பில் யாரும் நிற்கவில்லை,
எதுவும் நிற்கவில்லை,
பதினொரு நிமிடம்.

வடிகாணும் அதற்குப் பூச்சியம்.
கடலும் பூச்சியம்.

"மிஸ்?"

பழுது என்று எழுது தம்பி, என்றேன்.

எழுதினான். பிறகு பிரம்பைக் கேட்டான்,
திறந்து பார்க்க வேண்டுமாம்.
கேட்டு வாங்கினான், அது வேறு.
திருகும் சத்தம். ஒரு மூட்டு. இரண்டாவது.
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
மடியில் வைத்தேன்.
வியாழனுக்கு இன்னும் மூன்று நாள்.