உத்தரம்

லான்வெய்ரிக் கிராமத்துக்குக் கடல் கிடையாது.
மேற்கே அறுபது மைல் போனால்தான் உப்புக் காற்று.
ஆனாலும் மதுக்கடையின் பெயர் மூன்று நங்கூரம்.
வாசல் பலகையில் ஒரு ஸ்பானியக் கப்பல்
வருடாவருடம் புது நீலத்தில்
மூழ்கிக்கொண்டே இருக்கிறது.

உள்ளே, தலையில் இடிக்கும் உயரத்தில்
ஓக் உத்தரம்.
உடைந்த கப்பலின் கட்டை என்பார் மெல்வின் ப்ராஸர்,
கோப்பையைத் துடைத்துக்கொண்டே,
வெறுமனே கிடக்கும் துளைகளைக் காட்டி:
"இது பீரங்கியைக் கட்டிய இடம்."
ஒருமுறை ஒரு பெல்ஜியக்காரர் முகர்ந்து பார்த்து
உப்பு வாசம் அடிக்கிறது என்றார்.
அவருக்கு இரண்டாவது கோப்பை இலவசம்.

பிப்ரவரியில் ஹெலெத் வந்தாள்,
ஏணியும் துளைப்பானும் தூக்கிக்கொண்டு.
பட்டையோரத்தில் தொடங்கி வைரம்வரை துளைத்து
பென்சில் பருமனில் ஒரு குச்சியை உருவினாள்.
நூற்று நாற்பத்தோரு வளையங்கள்.
கம்பளிப்பூச்சிகள் இலையெல்லாம் தின்ற கோடை ஒன்று
மயிரிழையாய் நடுவில்.
துளையைப் புது ஓக் முளையால் அடைத்தாள்,
தேநீருக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனாள்.

ஏப்ரலில் கடிதம்.
வெட்டியது, ஆயிரத்து ஐந்நூற்று எண்பத்தேழின் குளிர்காலம்.
வளர்ந்தது, இதே பள்ளத்தாக்கு.
துளைகள், தட்டிச்சுவரின் கழிகள் நின்ற இடம்.
ஸ்பானியக் கப்பல்கள் வந்ததோ
அதற்கடுத்த கோடையில்.
அவை மூழ்கும்போது இந்த மரம்
ஒரு கூரைக்குக் கீழே
காய்ந்துகொண்டிருந்தது.

மெல்வின் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.
நீலச் சாயம் வேறு வாங்கி வைத்திருந்தார்.

கடிதத்தோடு ஒரு நகலும் இருந்தது,
பண்ணை நீதிமன்றச் சுருளில் நான்கு வரி:
லெய்கி, கைம்பெண்,
பிரபுவின் காட்டில் ஓக் ஒன்று, உத்தரவின்றி.
சாட்சி, வண்டித்தடம்.
மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு
கடல் கொண்டுவந்தது என்றாள்.
அபராதம் மூன்று ஷில்லிங் நான்கு பென்ஸ்.

உத்தரவில்லாமல் ஓர் உத்தரம்.
அதற்கு அவள் சொன்னதும் ஓர் உத்தரம்.
அறையில் யாராவது சிரித்தார்களா,
எழுத்தன் எழுதவில்லை.
எத்தனை பிள்ளைகள், கூரை எப்போது இடிந்தது,
வண்டியை இழுத்தது யாருடைய மாடு,
அதையும் எழுதவில்லை.

தரை உறைந்த இரவாகப் பார்த்திருப்பாள்,
சக்கரம் புதையாதிருக்க.
பிறகு பனி இளகி, இறுகி,
தடத்தை அச்செடுத்ததுபோல் வைத்துக்கொண்டது.
பச்சை மரத்தைப் பச்சையாகவே செதுக்கிப் பூட்டினார்கள்.
காயக் காய அது முறுக்கிக்கொண்டு
முளைகளைப் பற்களால் போலக் கவ்வியது.
திருப்பி எடுக்க வேண்டுமானால்
வீட்டையே இடிக்க வேண்டும்.
முழு மரத்தையும் ஒரு வீட்டுக்குள் மறைக்கலாம்தான்,
அதைத் தாங்க வைத்துவிட்டால்.

அவளுடைய பொய்க்குக் கப்பல் இல்லை.
சில மாதம் காத்திருந்தது, கப்பல் வந்தது.
நானூறு வருடம்
ஊரே மாறி மாறி அதற்குப் பாய் தைத்தது.

சுருளின் ஓரத்தில்
செலுத்தப்பட்டது என்ற குறி இல்லை.

இப்போது வருகிறவர்கள்
பழைய துளைகளைப் பார்ப்பதில்லை.
கருத்த மரத்தில் வெளுப்பாய்த் தெரியும்
அந்த ஒற்றை முளையைத் தொட்டு
"இது என்ன?" என்கிறார்கள்.
மெல்வின் கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்,
கறை இருக்கிறதா என்று,
இன்னும் கொஞ்ச நேரம்.