பதினோரு ஊர்

அடிவாரம் சோதனைச்சாவடி தாண்டியதும்
பையிலிருந்து அட்டைகளை எடுத்தேன்.
ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் பரீட்சை.
முதல் கொண்டை ஊசியில் பரோலோ:
பதினோரு ஊர். ஒரே திராட்சை, நெபியோலோ.
முப்பத்தெட்டு மாதம் காத்திருப்பு,
அதில் பதினெட்டு மரப்பீப்பாயில்.
சரிவில் விளைந்திருக்க வேண்டும்.
பள்ளத்தாக்கின் அடியில் விளைந்தது ஆகாது.
நேர் வடக்கு பார்த்ததும் ஆகாது.
பக்கத்து இருக்கையில்
மடியில் மூடிய கூடையோடு இருந்தவர்
“ஜாதகமா பாப்பா?” என்றார்.
ஆமாம் என்றேன்.

கையேடு சொல்லும் மணம்: தாரும் ரோஜாவும்.
ரோஜாவுக்குப் பூங்கா இருக்கிறது, சீட்டு வாங்கிப் பார்க்கலாம்.
தாருக்கு அப்பா.
ஏழாவது வளைவு மழையில் சரிந்த வருஷம்
நாளெல்லாம் டிரம்மில் கிண்டிவிட்டு வருவார்.
சாமைச் சோற்றைப் பிசைந்த கையிலும் அதுதான் அடிக்கும்.
விடுதியில் முதன்முதலாக
அந்தச் சிவப்பை மூக்கருகே கொண்டுபோனபோது
“என்ன தெரிகிறது?” என்றார் மேலாளர்.
சனிக்கிழமைக் கூலி என்று சொல்ல வந்து
“தார், சார்” என்றேன்.
நல்ல மூக்கு என்று எழுதிக்கொண்டார்.

ஒன்பதாவது வளைவு. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி.
பரோலோவின் கோட்டுக்கு ஒரு முழம் வெளியே
அதே கொடி, அதே மண், அதே வெயில்,
பறித்தவளும் ஒருத்தியாகவே இருக்கலாம்.
பரோலோ என்று எழுதினால் குற்றம்.

மலையாளி என்றால் கேரளாவா என்பார்கள்.
இல்லை, மலையை ஆள்கிறவர்கள் என்பேன்,
ஆண்டது எப்போது என்று யாரும் கேட்டதில்லை.
பழங்குடிப் பட்டியலில் எங்கள் பெயருக்குப் பக்கத்தில்
ஓர் அடைப்புக்குறி. அதற்குள் சில மாவட்டங்கள்.
சேலம் இருக்கிறது.
கோட்டாட்சியர் அலுவலகத்தில் என்னை ருசி பார்த்தார்கள்:
குலசாமி யார், தாலிக்கு முன் என்ன சடங்கு,
காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பி எத்தனை பேர்.
மூன்று என்றேன்.
பாட்டில் கழுத்தில் ஒட்டும் அரசுச் சீட்டு போல
ஒரு தாள் வந்தது. அதில்தான் கல்லூரி, விடுதி, இந்த வேலை.

பர்கூர் மலைக்குக் கட்டிக்கொடுத்த அத்தையின் மகன்
மாதப்பனுக்கும் அதே மூன்று அண்ணன் தம்பிதான்.
அவன் மலை ஈரோட்டில் நிற்கிறது.
அடைப்புக்குறிக்குள் ஈரோடு இல்லை.
நர்சிங் சீட்டு போயிற்று. இப்போது
திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ராஜஸ்தானில்
அறுநூறு அடிக்குக் கல்லை இடித்துக்கொண்டிருக்கிறான்.
டஸ்கனியில் சில பெரிய வீட்டுக்காரர்கள் விதியை மீறி
வெறும் மேசை ஒயின் என்று சீட்டு ஒட்டி
மற்றவர்களைவிட விலை வைத்து விற்றார்கள் என்று
ஒருமுறை போனில் சொன்னேன்.
“அவங்களுக்குத் தோட்டம் இருந்திருக்கும்” என்றான்.

பதினான்கிலிருந்து மூடுபனி.
நெபியா என்றால் இதுதான். அந்தத் திராட்சைக்கே
பனியின் பெயர் என்பார்கள்.
படிக்காமலே தெரிந்த ஒரே அட்டை.

கியாந்தி அட்டையில் ஒரு கதை.
சண்டையிட்ட இரண்டு ஊர்கள், ஊருக்கொரு குதிரைவீரன்.
சேவல் கூவியதும் கிளம்ப வேண்டும்,
சந்திக்கும் இடம் எல்லை.
ஓர் ஊர்க்காரர்கள் கறுப்புச் சேவலைப் பட்டினி போட்டார்கள்.
அது நடுராத்திரியிலேயே கூவிவிட்டது.
பாதிக்கு மேல் நிலம் அவர்களுக்கு.
இன்றும் பாட்டில் கழுத்தில் அந்தச் சேவல் நிற்கிறது,
மார்பை நிமிர்த்திக்கொண்டு.

பதினெட்டாவதோ பத்தொன்பதாவதோ,
பலகை பனியில் தெரியவில்லை.
விளக்குகளைப் போட்டு பஸ் ஊர்ந்தது.
கூடைக்குள் இருந்தது திடீரென்று கூவியது.
நான்கு மணி மத்தியானம். எல்லோரும் சிரித்தார்கள்.
“பசி” என்றார் அவர்,
துணியை விலக்கி உள்ளே கொஞ்சம் கம்பு போட்டார்.
எனக்கு அடுத்த அட்டை கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.
ஈரம்.