ஆறேகால்

நாலு பேருக்குத்தான் சொன்னேன்.
பதினொரு பேர் வந்திறங்கினார்கள்
சம்பூர் ஒழுங்கையில், இரண்டு வேனில்,
மழை விட்ட மார்கழி விடியலில்.

செந்தலைப் பூங்குருவி.
பத்து வருசத்தில் நான் கண்டது ஒருமுறை,
அதுவும் முதுகு மட்டும்.
இங்கே மூன்று நாளாய்
யோகவதனியின் கிணற்றடியில்,
கழிவுநீர் ஓடும் வாழைப் பாத்தியில்
சருகு புரட்டித் தின்கிறது.
கந்தோருக்குப் போகிறவர் மாதிரி
ஆறேகாலுக்கு வந்து
ஏழுக்குள் போய்விடுகிறது.

வேலியென்று நாலு தகரம்,
ஒரு நீலத் தறப்பாள்.
தறப்பாளில் ஏதோ நிறுவனத்தின் பெயர்
பாதி அழிந்து கிடக்கிறது.
இரண்டுக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி.
அதற்குள்தான்
இந்துனிலின் கமரா கழுத்தை நீட்டியது.

வாளி விழுந்த சத்தம்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு கதவு சாத்தும் சத்தம்.

ஈரத் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு வந்தார்.
"ஆரைத் தேடுறியள்?"
குருவி, என்றேன்.
"குருவிக்கோ இவ்வளவு பெரிய குழாய்?"
சிரிக்கவில்லை.
"முந்தி அந்தப் பனையடியில பரண் கட்டி
இப்பிடித்தான் பாத்தவங்கள்.
அவங்களும் எங்களைப் பாக்கேல்லை எண்டுதான் சொன்னவங்கள்."

என்ன சொல்கிறார் என்று இந்துனில் கேட்டான்.
குளிக்கிற நேரமாம், என்றேன் சிங்களத்தில்.
பரணைச் சொல்லவில்லை.
அவனுக்கு அதுவே போதுமாயிருந்தது.
காது சிவக்க
கமராவின் வாயை மூடினான்.

"ஒன்பதுக்கு வாங்கோ."
ஒன்பதுக்கு அது இராது, அக்கா.
"எனக்கு ஏழரைக்கு மூதூர் பஸ்.
அதுக்கும் ஆறேகால், எனக்கும் ஆறேகால்.
நான் என்ன செய்ய?"

மதகுவரை பின்வாங்கினோம்.
வீட்டுக்கு முதுகு காட்டி
வரிசையாய் குந்தினோம்.
தொலைநோக்கிகள் மடியில்.
நாயொன்று வந்து
ஒவ்வொரு சப்பாத்தாய் மோந்து பார்த்தது.
சைக்கிளில் வந்தவர் காலை ஊன்றி,
"வீட்டுத்திட்டத்துக்கோ பதியிறியள்?" என்றார்.
இல்லை என்றதும்
முகத்தைத் தொங்கப்போட்டு மிதித்துப் போனார்.

பின்னால் கப்பி கத்தியது.
தண்ணீர் ஊற்றுகிற சத்தம்.
ஒரு வாளிக்கும் மறு வாளிக்கும் இடையில்
ஈரச் சருகு
ஒன்று புரண்டது.

"வந்திட்டுது," என்றது
தகரத்துக்கு அப்பாலிருந்து அவர் குரல்.

ஒருவரும் திரும்பவில்லை.
இந்துனிலின் கழுத்து நரம்பு மட்டும் புடைத்தது.

"தலை தோடம்பழ நிறம்.
முதுகு சாம்பல்.
புழுவொண்டை இழுக்குது... இழுக்குது...
சே, அறுந்து போச்சு."

கன்னம்?
நிலத்தைப் பார்த்தபடி கேட்டேன்.

"வெள்ளை.
அதில ரெண்டு கறுப்புக் கோடு
மேலயிருந்து கீழ.
அழுது மை வழிஞ்ச மாதிரி."

இரண்டு கோடு.
புத்தகத்தில் அந்தப் படத்தை
எத்தனை இரவு பார்த்திருப்பேன்.
மை என்று எனக்குத் தோன்றியதில்லை.

ஏழு இருபதுக்குக் குடையோடு கடந்து போனார்.
பவுடர் மணத்தது.
"நாளைக்கு ஞாயிறு. எட்டுக்குத்தான் குளிப்பன்.
மூண்டு பேருக்கு மேல வராதேங்கோ."

குறிப்புக் கொப்பியில் எழுதினேன்:
இடம், கிணற்றடி.
தூரம், எட்டடி இருக்கலாம்.
கண்டவர், யோகவதனி.
கேட்டவர்கள், பதினொருவர்.

ஞாயிறு மூன்று பேர் போனோம்.
பிளேன்டீ தந்தார், பனங்கட்டியோடு.
பூங்குருவி வரவில்லை.
ஏழரைமட்டும் பார்த்துவிட்டு
இந்துனில் எழும்பிப் போய்
வேனிலிருந்து ஒரு கிடுகும் கயிறும் எடுத்துவந்தான்.
தகரத்துக்கும் தறப்பாளுக்கும் நடுவே வைத்து
இழுத்துக் கட்டினான்.

அவர் வேண்டாமென்று சொல்லவில்லை.
முடிச்சை மட்டும் ஒருக்கால்
இழுத்துப் பார்த்தார்.