திரும்பி வரும் கம்பி

விடியற்காலை ஐந்து நாற்பதுக்கு
டப்பென்று விழும்.
மின்விசிறி மிச்சம் நாலு சுற்று சுற்றிவிட்டு நிற்கும்.
ஒஹாயோவில் யாருக்கோ எடுத்த பித்தப்பைக்கு
நான் குறியீடு போட்டு முடிக்கிற நேரம் அது.
மடிக்கணினி பேட்டரியில் தம் பிடிக்கும்,
நெட் போய்விடும்.
கொளத்தூர்க் கொசுக்கள்
சொல்லி வைத்ததுபோல் கூடிவிடும்.

கைபேசி வெளிச்சத்தில் போய்
ஆர்சிசிபியின் நாக்கை மேலே தள்ளுவேன்.
நிற்காது.
பத்து நிமிடம் கழித்துத் தள்ளினால் நிற்கும்.
மாடியில் வசுமதி
குளிக்க வெந்நீர் போடுகிற பத்து நிமிடம் அது என்று
எனக்குத் தோன்றவில்லை.

வசுமதி என் ஓர்ப்படி.
பாகம் பிரித்துப் பதினான்கு மாதம்.
பத்திரத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு வரி,
மொட்டைமாடிக்கு மூன்று வரி,
இல்லாத மாமரத்துக்கும் ஒரு வரி உண்டு,
எழுத்தர் வேறு யார் பத்திரத்திலிருந்தோ
எடுத்துப் போட்டது.
வயரைப் பற்றி யாரும் எழுதவில்லை.

சகாயராஜ் வந்தார்.
டெஸ்டரைக் காதில் செருகிக்கொண்டு
எல்லாவற்றையும் அணைத்து
ஒவ்வொன்றாகப் போட்டார்.
ஃப்ரிட்ஜ். மோட்டார். அயர்ன்பாக்ஸ்.
எதற்கும் விழவில்லை.
'இந்த வெள்ளை டப்பா இன்னாம்மா?'

பவர்லைன் அடாப்டர்.
கரண்ட் கம்பி வழியாகவே நெட் போகும்.
ரவுட்டர் பக்கத்தில் ஒன்று,
இதன் ஜோடி
என்று சொல்ல வந்து நிறுத்தினேன்.

ஜோடி மாடியில் இருக்கிறது.
கொரோனா வருடம், முகிலனின் எட்டாம் வகுப்புக்காக
நானே வாங்கி நானே செருகியது.
தளத்தைத் தாண்டி வைஃபை ஏறவில்லை அப்போது.
சண்டைக்குப் பிறகு நானும் பிடுங்கவில்லை,
அவளும் பிடுங்கவில்லை.
பில் என் பெயரில்.
மூன்றாவது விளக்கு இன்றைக்கும் பச்சை.

சகாயராஜ் மாடிக்கும் கீழுக்குமாக
ஒரு மணி நேரம் நடந்தார்.
'டப்பா மேல தப்பில்ல.
மேல கெய்சருக்கு ஃபேஸ் அவங்க மீட்டர்ல,
நியூட்ரல் உங்க மீட்டர்ல.
போற கரண்ட்டு அங்கேர்ந்து போவுது,
திரும்பறது இங்க திரும்புது.
இது கணக்குப் பாக்குற பொட்டிம்மா.
போனதும் வந்ததும் சரியா இல்லன்னா
வுழுந்துரும்.'

அவள் பிரசவத்துக்கு நான் அடகு வைத்த வளையல்.
இவருக்கு டெங்கு வந்தபோது
கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி வராந்தாவில்
அவள் விழித்த பதினோரு இரவு.
சொல்லக்கூடாத இடத்தில் அவள் சொன்ன ஒரு சொல்.
அதற்கு நான் சொன்ன ஆறேழு.
எனக்கும் முப்பது மில்லியாம்ப்தான் தாங்கும் போல.

'பிரிச்சுடவாம்மா?'
பிரித்தால் மேலே நெட் நின்றுவிடுமா என்றேன்.
'நா நெட்டு வேலை பாக்கறதில்லம்மா.'

பிரித்துவிட்டுக் கீழே வந்தவரிடம்
காபி வாசம்.
வசுமதி போடும் காபிக்கு
சிக்கரி கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

மறுநாள் ஐந்து நாற்பது.
விழவில்லை.
விசிறி ஓடிக்கொண்டே இருந்தது.
மாடிக் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தத்தை
அன்றுதான் முழுதாகக் கேட்டேன்.
பிறகு எழுந்து போய் டப்பாவைப் பார்த்தேன்.

பச்சை இல்லை.
சிவப்பும் இல்லை.
ஆரஞ்சு.

ஏழு மணி வரை பொறுத்து
சகாயராஜுக்குப் போன் போட்டேன்.
பல் விளக்கிக்கொண்டே சொன்னார்:
'ஒரே பைப்புல ஒட்டிக்கினு படுத்திருக்குற வயருங்க.
தொடலன்னாலும் கொஞ்சம் தாண்டும்.'

ஆரஞ்சில் படம் ஓடாது.
தாமதமாகவாவது ஒரு செய்தி போய்ச் சேரும்.
கல்லூரித் தளத்தில் மதிப்பெண் திறக்கும்,
சுற்றிச் சுற்றி.

இந்த மாத பில்லைக் கட்டிவிட்டேன்.
எட்டேகாலுக்கு விளக்கு
படபடவென்று மினுக்கியது.
முகிலன் எழுந்துவிட்டான்.