இருபத்தொன்பதாம் நாள்

முப்பது நாள் கெடுவில் இருபத்தொன்பதாம் நாள்,
மாலை நாலே முக்கால்.
நான் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தேன்.
ஃபேக்ஸ் இரைந்தது. பதினோரு பக்கம்.
முதல் பக்கத்தில் ரயில்வேயின் பெயர்,
அதன் கீழே வழக்கறிஞர்கள் நால்வர்.
ஒன்பதாம் பக்கத்தில்தான் காரணம்:
வெர்லின் ஸ்டோக்கி எமது ஊழியர் அல்லர்.

ரயில்வே ஊழியர் இங்கே போட்ட வழக்கை
இங்கிருந்து அசைக்க முடியாது, சட்டம் அப்படி.
ஊழியர் இல்லையென்றால் அசைக்கலாம்.
ஒரு 'அல்லர்' போதும்,
மொன்டானாவின் இந்தக் கவுண்டியிலிருந்து
கிரேட் ஃபால்ஸ் பெடரல் கோர்ட் வரை
நூற்றுப் பதினைந்து மைல் இழுத்துப்போக.

சம்பளச் சீட்டில் வேறு கம்பெனி பெயர்,
பில்லிங்ஸில் ஒரு தபால்பெட்டி எண். உண்மைதான்.
ஆனால் கைவிளக்கு ரயில்வேயுடையது.
நள்ளிரவில் எழுப்பும் தொலைபேசி ரயில்வேயுடையது.
போன வருடம் பிப்ரவரியில், மைனஸ் முப்பதில்,
"இன்னும் மூன்று பெட்டி நீளம்" என்ற வாக்கி-டாக்கிக் குரலும்.
வந்தது நான்கு.
கால் மட்டும் அவருடையது.

சீல் குத்தினேன். அதுதான் என் வேலை.
டிசம்பர் விசாரணையைச் சிவப்பில் அடித்தேன்.
இந்த வருட ஜூரிப் பட்டியலை இழுப்பறையில் வைத்தேன்:
கோதுமைக் கிடங்கு டெல்மா ருஸ்டாட்,
பள்ளிப் பேருந்து ஓட்டும் கிளாய்ட் அசூர்,
இன்னும் பலர்,
யார்டில் பெட்டிகள் மோதும்போதெல்லாம் புரண்டு படுப்பவர்கள்.
அந்த நால்வருக்கும் இவர்களிடம்தான் பயம்,
நான் அப்படித்தான் நினைக்கிறேன். எழுதிவைக்க முடியாது.

மறுவாரம் மனைவியோடு வந்தார்.
"என் வழக்கு எங்கே?"
கிரேட் ஃபால்ஸுக்குப் போய்விட்டது என்றேன்.
"நடந்தேவா?"
யாரும் சிரிக்கவில்லை.
பிறகு ஆர்டிஸ் சிரித்தாள், நிறுத்த முடியாமல்,
கவுன்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு.

ஆகஸ்டில் திரும்பி வந்தது.
சந்தேகமென்றால் வந்த இடத்துக்கே என்று
பெடரல் நீதிபதி எழுதியிருந்தார். ஆறே பக்கம்.
யார் ஊழியர் என்பதை இனி ஜூரி சொல்லட்டுமாம்.
பழைய எண்ணையே கொடுத்தேன்,
பழைய அட்டையில், என் காபிக்கறையோடு.

விசாரணை மார்ச்சில் என்றேன்.
"அப்போதும் பனி இருக்குமே."
பின்வாசலில் சரிவுப்பாதை உண்டு என்றேன்.
ஜன்னல் வழியே முன்படிகளை எண்ணினார்,
உதடு மட்டும் அசைய.
"முன்வாசலாலேயே வருகிறேன்."