மூன்றாம் இலக்க வாசல்

கச்சான் அடிக்கிற ஆடியில்
உவர்மலைப் புல் முதலில் கருகும்,
பிறகு வேணுஜாவின் முழங்கை மடிப்பு.
நான்கு வயதுக்குள் அவள் கற்ற சொற்களில்
‘கடிக்குது’ மூத்தது.

இரவில் அவள் கைகளுக்குக் காலுறை மாட்டுவோம்.
கன்னியாவில் ஏழு கிணற்றிலும் அள்ளி வார்த்தோம்.
ஐந்தாவதில் அவள் கத்திய கத்தலில்
குரங்குகள் மரம் மாறின.
தோல் இன்னும் காய்ந்தது.

துறைமுகத்தில் எனக்கு வாசலில் நிற்கிற வேலை.
மூன்றாம் இலக்க வாசல், பன்னிரண்டு மணி நேரம்.
ஆளைத் தெரிந்திருக்கத் தேவையில்லை.
பெயர் என்ன, போன முறை வந்து என்ன செய்தான்,
அதெல்லாம் உள்ளே கோப்பு வைத்திருப்பவர்கள் பாடு.
பாஸ் இல்லையா, நில்.
அவ்வளவுதான் நான்.

அந்தக் கிழமை எனக்குத் தடிமன்.
கீழுதட்டு ஓரத்தில்
குரக்கன் மணி அளவில் ஒரு நீர்க்கொப்புளம்.
ஆண்டுக்கொருமுறை வரும், போகும்;
சவரம் செய்யும்போது மட்டும்
ஞாபகத்துக்கு வருகிற உறவினன்.
இரவு வேலை முடித்து வந்து
தூங்கிக்கொண்டிருந்தவளின் கன்னத்தில் கொஞ்சினேன்.
கன்னத்தில் அன்று கரப்பான் வெடித்திருந்தது.

ஆறாம் நாள் காய்ச்சல்.
விடிய நாலு கொப்புளம்,
மத்தியானத்துக்குள் கழுத்தெல்லாம்.
உடைந்தவை ஒரே அளவு, ஒரே வட்டம்,
கடதாசியில் துளை குத்தும் கருவியால்
யாரோ பொறுமையாக இருந்து குத்தியதுபோல.

பக்கத்து வளவு இராசமலர் வேப்பிலையோடு வந்தா.
‘அம்மாள் வந்திருக்கிறா,
ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகாதேங்கோ.’
கௌசிகா வேப்பிலையை வாங்கிக் கதவில் செருகினாள்.
அதே கையால் ஆட்டோவை மறித்தாள்.

டொக்டர் நுஸ்ராவுக்குப் பார்த்த உடனே தெரிந்தது.
ஊசி ஏற்றச் சொல்லிவிட்டுத்தான் எங்களோடு கதைத்தார்.
‘உதட்டில் வாற கிருமிதான். கரப்பான் தோலில் விழுந்தால்
காய்ந்த பத்தையில் நெருப்பு.’

எல்லாத் தகப்பன்மாரும்தானே கொஞ்சுகினம், என்றேன்.
யாரையும் கேட்காமல்
நானே என்னைக் காட்டிக்கொடுத்திருந்தேன்.

அவர் துண்டு ஒன்றின் பின்புறத்தில்
இரண்டு கோடு இழுத்தார்; நடுவில் இடைவெளி விட்டார்.
‘தோல் வெறும் சுவர் இல்லை.
கிருமி தொட்டவுடனே நஞ்சு கக்கிற காவல்
பிறக்கும்போதே அதுக்குள்ளே இருக்கு.
யார், எவர் என்று கேட்காது.
இவவுக்குச் சுவரிலும் வெடிப்பு.
காவலும் தூசிக்கும் பூனைமயிருக்கும்
விசில் ஊதி ஊதி,
உண்மையான கள்ளன் வந்த நேரம்
கையிலே நஞ்சு போதவில்லை.’

என் உதட்டைப் பார்த்தார்.
பொருக்கு விழுந்து இளஞ்சிவப்பாய் ஒரு புள்ளி.
அட்டையில் என்ன எழுதினார் என்று
நான் எட்டிப் பார்க்கவில்லை.

எட்டு மணிக்கொரு தடவை மருந்து.
கண்ணுக்குள் போகக்கூடாது என்பதே எல்லோருக்கும் பயம்.
இமைகள் வீங்கி மூடிக் கிடந்தன.
இரண்டாம் இரவு
எத்தனை என்று எண்ணத் தொடங்கி
நூற்றுப் பதினேழில் விட்டேன்.
வெளியே வந்தால், மதிலோரம்
ஒரு புள்ளிமான் யோகட் கோப்பை நக்கிக்கொண்டு நின்றது.
அதைப் பார்க்கப் பிடிக்காமல் உள்ளே போனேன்.

நாலாம் நாள் ஒரு கண் திறந்தது.
‘அப்பா, கடிக்குது.’
கௌசிகா சிரித்தாள், அழுதாள்,
மிஸ்ஸி வந்து இருவரையும் ஏசினா.

தழும்பு சிலது நிற்கும். கிருமியும் போகாதாம்;
நரம்பின் வேரில் படுத்திருக்குமாம்,
எனக்குள் இருப்பதுபோல இனி அவளுக்குள்ளும்.
அப்பன் தேடிவைத்த சொத்து.

இப்போது வேலை முடிந்து வந்தால்
வீட்டு வாசலில் நிற்கிறேன்.
டோர்ச்சோடு வருகிறாள்.
நாடியைப் பிடித்துத் திருப்பி,
மேலுதடு, கீழுதடு, ஓரம்.
‘சரி, உள்ளுக்கு வாங்கோ.’

சில காலைகளில்
ஒன்றும் இல்லாமலே தலையாட்டி மறுக்கிறாள்.
காரணம் கேட்பதில்லை.
நிற்கிறேன்.