சைபர் பாருங்க

தலவாக்கலை பெற்றோல் செட்டில்
எனக்குத் தந்த சட்டையில்
வேறொருவன் பெயர் தைத்திருந்தது:
சமிந்த.
"ஒரு கிழமை சமாளி, புதுசு வரும்"
என்றார் விஜேதுங்க மாத்தையா.
தோள் கொஞ்சம் அகலம், கை கொஞ்சம் கட்டை.
பதினான்கு மாதம்
யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாதவனுக்கு
எந்தப் பெயரும் பொருந்தும்.

கொழும்பில் கடையை மூடிய அன்று
முதலாளி தந்தது
ஒரு மாதச் சம்பளமும்
விலைபோகாத சுவர்க் கடிகாரம் ஒன்றும்.
லயத்துக் காம்பராவில் மாட்டினேன்.
ஒரு நிமிடம் பிசகாமல் ஓடியது.
அதுதான் தொல்லை.

யோகமலர் படங்கு கட்டிக்கொண்டு
மலைக்கு ஏறிய பிறகு
நானும் கிளம்பிவிடுவேன்,
மடிப்புக் கலையாத சட்டையில்,
போக ஓர் இடம் இருப்பவனைப் போல.
ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.
பதுளைக் கோச்சி வரும்.
வெள்ளைக்காரர்கள் கதவில் தொங்கிப் படம் பிடிப்பார்கள்.
எத்தனை நாட்டுத் தொலைபேசிகளில்
பெஞ்சோடு பெஞ்சாக நான் இருக்கிறேனோ.

"இப்ப என்ன செய்றீங்க?"
"பாத்துக்கிட்டிருக்கேன்."
எதை என்று எவரும் கேட்டதில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
அணைக்கட்டில் தண்ணீர் ஏறுவதை,
பிறகு இறங்குவதை.

ரிஸ்மிக்கு இருபத்திரண்டு வயது.
"அண்ணே, அடிக்க முன்னாடி
மீட்டர்ல சைபரக் காட்டணும்.
காட்டாட்டி கள்ளன்னு சொல்லிருவாங்க."
அவ்வளவுதான் பயிற்சி.

சைபர் பாருங்க.
பிந்துவ பலன்ன.
சுற்றுலா வேன்காரிக்கு
விரலை வளைத்துக் காட்டினால் போதும்.
லொறிக்கு, பஸ்ஸுக்கு,
கரட் மூட்டை ஏற்றிய பட்டாவுக்கு,
சைபர் பாருங்க, சைபர் பாருங்க.
பதினான்கு மாதம்
சட்டை மடிப்புக்குள் ஒளித்து வைத்திருந்ததை
வழியில் போகிறவரையெல்லாம் கூப்பிட்டு
நானே காட்டிக்கொண்டிருந்தேன்.
எல்லோரும் பார்த்தார்கள்.
தலையாட்டினார்கள்.
"சரி, அடிங்க" என்றார்கள்.

பத்து மணிக்கு
எங்கள் லயத்துக் கிட்ணதாசனின் ஆட்டோ.
மாசியில் அவனிடம் வாங்கிய இரண்டாயிரம்
இன்னும் என்னிடம்.
சட்டைப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு
"மதியழகா, மதம் மாறினவன் உண்டு,
நீ ஆளே மாறிட்டியே" என்று சிரித்தான்.
ஐந்நூறுக்கு.
இலக்கங்கள் ஓட ஓட
இருவரும் மீட்டரையே பார்த்தோம்.
நின்ற பிறகும் கொஞ்ச நேரம் பார்த்தோம்.

மூன்று மணிக்கு மிஸ்ட் இறங்கியது.
முதலில் விளக்கு வரும்,
அப்புறம்தான் வண்டி.
அதற்குள்ளிருந்து ஒரு பையன் வந்தான்,
விளக்கில்லாமல்.
கையில் நீல நிறக் கோப்பு.
ஓரம் நனையாமல்
நெஞ்சோடு அணைத்திருந்தான்.
எனக்குத் தெரியும் அந்தப் பிடி.
"அண்ணே, வேலை ஏதும் இருக்குன்னு சொன்னாங்க..."

இருந்தது. முந்தாநாள் வரைக்கும்.
அந்த இடத்தின் மேல்தான்
நான் நின்றுகொண்டிருந்தேன்,
பூட்ஸ் காலோடு.
"மாத்தையா உள்ள இருக்காரு" என்றேன்.
அவன் வெளியே வரும்போது
முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று
தேவையே இல்லாமல்
ஒரு துணியை எடுத்து
பம்பைத் துடைத்தேன்.

இரவு ஏழுக்குக் கணக்கு.
நூற்று நாற்பது ரூபாய் குறைந்தது.
மூன்று தடவை எண்ணியும்
மூன்று தடவையும் குறைந்தது.
"சம்பளத்துல கழிப்போம்"
என்று கொப்பியில் எழுதினார் மாத்தையா.

படிக்கட்டு முழுக்க அந்த நூற்று நாற்பதோடு ஏறினேன்.
யோகமலரிடம் சொன்னேன்.
அடுப்பிலிருந்து திரும்பாமலே சிரித்தாள்.
"கழிக்கிறதுக்கு இருக்குல்ல."

இரண்டு முறை சவர்க்காரம் போட்டும்
போகவில்லை கையின் வாசம்.
அதோடேயே ரொட்டியைப் பிய்த்தேன்.
பிறகு ஸ்டூலில் ஏறி
கடிகாரத்தைக் கழற்றி
பெரிய முள்ளைப் பத்து நிமிடம்
முன்னால் தள்ளி வைத்தேன்.